பங்குனி ஆமைகள்: இரவு நடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரையில் ஆமைக் கூடுகளைத் தேடி இரவில் நடக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். கூட வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

கடலாமை எல்லாம் ஒன்றுதானே? இங்கே வருவது எது?

இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை. சென்னைக் கரையில் முட்டையிட ஏறுவது ஏறக்குறைய எல்லாமே பங்குனி ஆமைதான். ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாள்களில் வருவதும் இதுவே. ஓட்டின் நீளம் 60 முதல் 70 செ.மீ., எடை 35 முதல் 45 கிலோ. கடலாமைகளில் சிறிய வகை.

இத்தனை நீளக் கரையில், இருட்டில், கூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

ஆமையை நேரில் பார்ப்பது அரிது. பெரும்பாலும் தடத்தைத்தான் பார்க்கிறோம். பங்குனி ஆமை துடுப்புகளை மாறி மாறி ஊன்றி நகரும். அதனால் இரண்டு பக்கக் கீறல்களும் நேருக்கு நேர் அமையாமல், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக விழும். நடுவில் வயிறு இழுபட்ட கோடு இருக்கும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். அங்கே ஒரு கம்பியை மெல்ல அழுத்திப் பார்ப்போம். சுற்றிலும் இறுகிக் கிடக்கும் மணல் ஓரிடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்துக் கம்பியை உள்ளே வாங்கும். அதன்பின் கம்பிக்கு வேலை இல்லை. கையால்தான் தோண்ட வேண்டும்.

கூடு ஏறக்குறைய முக்கால் கை ஆழம். கழுத்து குறுகி அடி அகன்று பானை வடிவில் இருக்கும். பின்துடுப்புகளால் மட்டும், திரும்பியே பார்க்காமல், ஆமை தோண்டும் குழி அது. நூறு, நூற்றிருபது முட்டைகள் இருக்கும். ஓடு தோல் போல மென்மையானது; விரல் பட்டால் குழிந்து மீளும்.

ஆமையே கரையில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால், குழியை மூடியபின் அது செய்வதைப் பார்க்கலாம். உடலை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து வயிற்றால் மணலை அடித்து இறுக்கும். சில அடி தள்ளி நின்றாலும் அந்த அடியின் ஓசை காதில் விழும்.

முட்டையிடும்போது வலியில் அழுமாமே?

இல்லை. கடல்நீரோடு உடலுக்குள் போகும் மிகை உப்பைக் கண்ணோரச் சுரப்பிகள் எப்போதும் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. கடலுக்குள் அது நமக்குத் தெரிவதில்லை, கரையில் தெரிகிறது.

முட்டைகளை ஏன் எடுத்துப் போகிறீர்கள்? இயற்கை போக்கில் விட்டுவிடக் கூடாதா?

விட்டுவிடுவதே சிறந்தது. எங்கெல்லாம் கூடு பத்திரமாக இருக்குமோ அங்கெல்லாம் அதைத் தொடக் கூடாது என்பதே கடலாமை ஆய்வாளர்களின் முதல் விதி. சென்னையில் நாய்கள் தோண்டிவிடுகின்றன. தப்பிய கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கிச் சாலைக்குப் போய்விடுகின்றன. அதனால் வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுகிறோம். சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் 1970களில் இந்த இரவு நடைகளைத் தொடங்கினார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இவற்றை நடத்திவருகிறது.

மாற்றுவதற்கும் நேரம் உண்டு. தாயின் கருக்குழாயில் இருக்கும்வரை ஆக்சிஜன் போதாமையால் கருவின் வளர்ச்சி நின்றிருக்கும். முட்டை வெளியே வந்ததும் வளர்ச்சி மீண்டும் தொடங்கி, கரு ஓட்டின் உட்புறத்தில் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குப்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துபோகும். எனவே முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள், உருட்டாமல், அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் வைத்தாக வேண்டும். நல்ல மனத்தோடு மறுநாள் மாலையில் முட்டைகளை அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கும். சொல்லாமல் இருக்கவும் முடியாது.

குஞ்சு ஆணா பெண்ணா என்று பார்த்தால் தெரியுமா?

தெரியாது. வெளித்தோற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லை. நமக்கு இருப்பதுபோல் பாலினத்தை முடிவுசெய்யும் குரோமோசோம்கள் கடலாமைக்கு இல்லை. அடைகாலம் 45 முதல் 55 நாள் வரை போகும். அதன் நடு மூன்றில் ஒரு பங்கில் மணலின் வெப்பம் எவ்வளவு என்பதே முடிவுசெய்கிறது. 29 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே போகப் போக ஆண், மேலே போகப் போகப் பெண்.

அதனால்தான் பொரிப்பகத்தில் கூட்டுக்குள் சிறிய வெப்பப் பதிவுக் கருவிகளைப் புதைக்கிறார்கள். மேலே நிழல் வலை கட்டுவதா வேண்டாமா என்பதுகூட இங்கே ஆராய்ச்சிக்குரிய முடிவுதான். ஒரு வலையை இழுத்துக் கட்டினால் ஒரு பருவத்துக் குஞ்சுகளின் ஆண்–பெண் விகிதமே மாறலாம்.

அப்படியானால் பூமி சூடாகச் சூடாக எல்லாமே பெண்ணாகிவிடுமா?

ஓரிடத்தில் கிட்டத்தட்ட அப்படி ஆகிவிட்டது. ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டின் வட பகுதிக் கரைகளில் பிறந்த பேராமைகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு முடிவு வெளியானது. இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்! தென் பகுதியின் குளிர்ந்த கரைகளில் பிறந்தவற்றில் அந்த அளவுக்கு இல்லை.

பெண்கள் சற்று மிகுதியாக இருப்பது தன்னளவில் கேடு அல்ல. ஓர் ஆண் பல பெண்களோடு இணையக்கூடியது. ஆனால் வெப்பம் இன்னும் ஏறினால் பாலினப் பேச்சுக்கே இடமில்லாமல் கரு கூட்டுக்குள்ளேயே இறந்துபோகும். ஏப்ரல் இறுதியில் பொரிக்க வேண்டிய கூடுகளைப் பற்றி நாங்கள் கவலைப்படுவது இதனால்தான்.

குஞ்சுகளை நேராகக் கடலில் விட்டுவிட்டால் என்ன? ஏன் மணலில் ஊர விடுகிறீர்கள்? ஏன் டார்ச் அடிக்கக் கூடாது?

மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் மிகுந்த, தாழ்ந்த அடிவானத்தை நோக்கிப் போகும். மனிதர்கள் வருவதற்கு முன் இரவில் அத்தகைய வெளிச்சம் கடல்பக்கம் மட்டுமே இருந்தது. இப்போது நம் டார்ச்சும் கைபேசித் திரையும் உணவுக்கடை விளக்கும் அதைத் திசைதிருப்பிவிடுகின்றன.

கரைக்கும் அலைக்கும் இடையிலான அந்த ஓட்டத்தில்தான் குஞ்சு திசையைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் இறங்கியதும் அலை வரும் திசையை எதிர்த்து நீந்தி, முதல் நாள் நிற்காமல் ஆழ்கடலுக்குப் போகிறது. அதற்கான வலிமை வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவிலிருந்து கிடைப்பது. கையில் வைத்துப் படம் எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த இருப்பில்தான் கைவைக்கிறோம்.

பிறந்த கரைக்கே திரும்பி வருமாமே, உண்மையா?

பொதுவாக உண்மை, ஆனால் துல்லியம் வகைக்கு வகை வேறுபடும். பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் சாய்விலும் வலிமையிலும் மாறுகிறது. அமெரிக்காவில் கென்னத் லோமன் பெருந்தலை ஆமைக் குஞ்சுகளைச் சிறு தொட்டியில் நீந்தவிட்டு, சுற்றிலும் மின்கம்பிச் சுருள்களால் காந்தப்புலத்தை மாற்றிப் பார்த்தார். புலம் மாறியபோது குஞ்சுகள் நீந்தும் திசையும் மாறியது. பிறந்த கரையின் காந்த அடையாளத்தை ஆமை நினைவில் பதித்துக்கொள்கிறது என்ற கருத்துக்கு இத்தகைய சோதனைகள் வலுச் சேர்த்தன.

பங்குனி ஆமை மற்ற வகைகளைவிட இதில் சற்று நெகிழ்வானது. கார்த்திக் சங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட மரபணு ஆய்வில், இந்தியக் கிழக்குக் கரையின் ஆமைகளிடையே இடத்துக்கு இடம் மரபு வேறுபாடு காணப்படவில்லை. சென்னையில் ஏறுவதும் ஒடிசாவில் ஏறுவதும் வேறு வேறு குலங்கள் அல்ல. ஆகவே ‘இவை நம் ஊர் ஆமைகள்’ என்று சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

முட்டையிட்டபின் எங்கே போகின்றன? எப்படித் தெரியும்?

இரண்டு வழிகள். பழையது, துடுப்பில் எண் பொறித்த உலோக வில்லை மாட்டுவது. ஒடிசாவில் வில்லை மாட்டிய ஆமைகள் இலங்கைக் கடலில் கிடைத்திருக்கின்றன. ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் 2021-ல் வில்லை மாட்டிய ஓர் ஆமை 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட ஏறியது. கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் தனித்தனி என்று நினைத்தவர்களை அந்த ஓர் எண் மறுபடி யோசிக்கவைத்தது. வில்லையின் குறை, யாராவது மீண்டும் அந்த ஆமையைப் பார்த்தால்தான் பயன். இடையில் எந்த வழியாகப் போனது என்பதை அது சொல்லாது.

புதிய வழி, ஓட்டின்மேல் செயற்கைக்கோள் கருவியை ஒட்டுவது. ஆமை மூச்சு விட மேலே வரும் நேரத்தில் மட்டும் சமிக்ஞை செல்லும். விலை அதிகம், சில மாதங்களில் கழன்றோ பழுதாகியோ போய்விடும்; ஆனாலும் நாள்தோறும் பாதை கிடைக்கிறது. முட்டையிடும் பருவத்தில் ஆமைகள் கரையை ஒட்டியே எந்தப் பரப்பில் தங்குகின்றன என்ற விவரம்தான், எங்கே இழுவை மடியை, அதாவது விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் பெரிய பை வலையை, தடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அடிப்படை.

ஒடிசாவில் லட்சக்கணக்கில் வருகின்றன. இங்கே ஏன் ஒன்றிரண்டு?

கூட்டமாக ஏறுவது உலகில் மிகச் சில கரைகளில் மட்டுமே நடக்கிறது. மெக்சிகோவிலும் கோஸ்டாரிகாவிலும் சில, இந்தியாவில் ஒடிசாவின் கஹிர்மாதா, தேவி முகத்துவாரம், ருஷிகுல்யா. 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யாவில் மட்டும் ஏறக்குறைய ஏழு லட்சம் முட்டையிட்டதாக வனத்துறை கணக்கிட்டது. ஒரே வாரத்தில் இத்தனை முட்டைகள் மணலுக்குள் போனால் நாயும் நரியும் நண்டும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும் என்பதே கூட்டத்துக்குச் சொல்லப்படும் முதன்மையான காரணம்.

தனியாக ஏறுவதிலும் ஓர் ஆதாயம் இருக்கிறது. கூட்டக் கரையில் பின்னால் வரும் ஆமை முன்னால் வந்ததன் கூட்டைத் தோண்டிக் கலைத்துவிடும். அழுகும் முட்டைகள் மணலைக் கெடுக்கும். சிதறிய கூடுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒடிசாவில் ஒரு பெரும் புயல் கரையை அரித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால், நம் கரையின் சிறிய எண்ணிக்கையை அலட்சியமாக நினைக்க மாட்டோம்.

ஏழு லட்சத்தை யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?

ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. கரையின் குறுக்கே குறிப்பிட்ட அகலத்தில் பட்டைகளை முன்கூட்டியே குறித்துவைப்பார்கள். இரவு முழுவதும் குறிப்பிட்ட இடைவெளியில் அந்தப் பட்டைகளுக்குள் முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ஆமைகளை மட்டும் எண்ணி, முழுக் கரைக்கும் முழு நேரத்துக்கும் கணக்கை விரிப்பார்கள். ஆகவே அது மதிப்பீடு. கூடவும் குறையவும் இடம் உண்டு. ஓர் ஆண்டின் எண்ணைக் கொண்டு ‘ஆமைகள் பெருகிவிட்டன’ என்றோ ‘அழிந்துவிட்டன’ என்றோ எழுதுவது சரியல்ல. சில ஆண்டுகளில் கூட்டமே நிகழாமல் போவதும் உண்டு.

கடலரிப்புக்குக் கல் கொட்டுகிறார்களே, அதனால் ஆமைக்கு என்ன?

கல்லின்மேல் ஆமையால் ஏற முடியாது. ஆனால் இதன் வேர் இன்னும் ஆழமானது. சோழமண்டலக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்து அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். 1875-ல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கி, கடலுக்குள் சுவர் நீண்டபின், தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கரை அரிக்கப்பட்டது. அங்கே கல் கொட்டப்பட்டது. கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது.

ஆக, கடலுக்குள் நீட்டும் ஒவ்வொரு சுவரும் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கூடுகட்டும் கரையைக் கரைக்கக்கூடும். ஆமை ஆராய்ச்சியையும் கரை ஆராய்ச்சியையும் வேறு வேறு துறைகளாக வைத்திருப்பது நமக்குத்தான் வசதி.

கரையில் செத்துக் கிடக்கின்றனவே, எதனால்?

2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டைக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. கப்பலில் மோதினவா, நஞ்சா, நோயா என்று எல்லோரும் கேட்டார்கள். உடற்கூறு ஆய்வு காட்டியது மூச்சுமுட்டல். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி, நுரையீரலில் நீரும் நுரையும் இருந்தால் அது மூழ்கி இறந்ததற்கான அடையாளம்.

கடலாமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப்போல் நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. அமைதியாக இருக்கும்போது நெடுநேரம் நீருக்குள் இருக்கும். வலைக்குள் சிக்கிப் போராடும்போது உடலில் இருக்கும் ஆக்சிஜன் வேகமாகத் தீர்ந்துபோகும். இழுவை மடி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீருக்குள் இழுக்கப்பட்டால் உள்ளே சிக்கிய ஆமை பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. திருக்கை பிடிக்கப் போடும் பெரிய கண்ணி வலைகளும் கொல்கின்றன.

ஒதுங்கியது ஆயிரம் என்றால் செத்தது ஆயிரமா?

இல்லை, அதைவிட அதிகம். இறந்த உடல் முதலில் அமிழும். உள்ளே வாயு சேர்ந்தபின் மிதக்கும். காற்றும் நீரோட்டமும் கரைப்பக்கம் இருந்தால் ஒதுங்கும், இல்லாவிட்டால் கடலிலேயே மீன்களுக்கும் நண்டுகளுக்கும் இரையாகிவிடும். நம் கிழக்குக் கரை நீரோட்டம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடி, பிப்ரவரி வாக்கில் வடக்கே திரும்பும். எனவே உடல் கிடந்த இடம்தான் இறந்த இடம் என்று கொள்ள முடியாது.

உடலின்மேல் சாயம் பூசி வைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே உடல் அடுத்த நாள் மறுபடி எண்ணப்படக் கூடாது என்பதற்காக. துர்நாற்றத்தில் நின்று ஓட்டை அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்து, முன்துடுப்பு எலும்பின் துண்டை எடுத்துவைக்கும் வேலைக்கு யாரும் விரும்பி வருவதில்லை. அந்த எலும்பின் குறுக்குவெட்டில் வளர்ச்சிக் கோடுகள் இருக்கும். ஆமையின் வயதைக் கணிக்க அதுவே நம்பகமான வழி. பசிபிக் கடலின் பங்குனி ஆமைகளை அப்படி ஆராய்ந்தபோது முதிர்ச்சி ஏறக்குறைய 13 வயதில் என்று தெரியவந்தது.

இத்தனை குஞ்சுகளை விடுகிறீர்களே, செத்தவற்றுக்கு அது ஈடாகாதா?

ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

1987-ல் டெபோரா கிரவுஸ், லாரி கிரௌடர், ஹால் காஸ்வெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்கப் பெருந்தலை ஆமைகளின் வாழ்க்கையை முட்டை, குஞ்சு, இளம் ஆமை, வளர்ந்த ஆமை என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பிழைக்கின்றன என்று கணக்கிட்டார்கள். அதுவரை பாதுகாப்பு என்றால் முட்டையைக் காப்பது என்றே இருந்தது. கணக்கு சொன்னது வேறு: முட்டைகளில் ஒன்றுகூட வீணாகாமல் அத்தனையும் பொரித்தாலும் இனம் குறைந்துகொண்டேதான் போகும். கடலில் வளரும் பெரிய இளம் ஆமைகளின் சாவைக் குறைத்தால் இனம் மீளும்.

காரணம் எளிது. குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை இயற்கையாகவே முதிர்ச்சி அடையாமல் போகின்றன. ஆயிரத்தில் ஒன்று என்று வழக்கமாகச் சொல்வார்கள். முந்தைய பதிலில் சொன்ன 13 வயதைத் தாண்டி வந்த ஒரு பெண் ஆமை, அத்தனை இடர்களையும் வென்ற அந்த ஒன்று. அது வலைக்குள் இறந்தால், அந்த இடத்தை நிரப்ப எத்தனை கூடுகள் வேண்டும், எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். குஞ்சு விடுவதைக் காண மாலையில் நூற்றுக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது வலையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் மீனவர்கள்தான் குற்றவாளிகளா?

அப்படிச் சொல்வது தவறு, பயனும் இல்லை. கட்டுமரமும் ஃபைபர் படகும் வைத்திருக்கும் கரையோர மீனவர்களுக்கும் இழுவை மடியால் இழப்புதான். கரைக்கு அருகே மடி இழுக்கும்போது அவர்களுடைய வலைகள் அறுபடுகின்றன. சட்டம் ஏற்கனவே இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் கடலாமைகள் உண்டு. முட்டையிடும் பருவத்தில் தமிழ்நாட்டின் கூடுகட்டும் கரைகளை ஒட்டி ஐந்து கடல் மைல்களுக்குள் இழுவை மடிக்குத் தடை உண்டு.

கருவியும் இருக்கிறது. மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம். இறாலும் மீனும் கம்பிகளுக்கு இடையே பின்பைக்குள் போய்விடும், ஆமை கம்பியில் தடுக்கப்பட்டுத் திறப்பு வழியே வெளியேறும். ஆமை விலக்கி என்று அதைச் சொல்கிறார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிகளுக்கு ஏற்ப அதை வடிவமைத்திருக்கிறது. மீனும் வெளியேறிவிடுமே என்ற விசைப்படகுக்காரரின் அச்சத்தைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். அவருடைய படகிலேயே ஏறி அளந்து காட்ட வேண்டும். இது பயன்படுத்தப்படாததால் இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. அந்த இழப்பையும் மீனவர்களே சுமக்கிறார்கள்.

எங்கேயாவது உண்மையில் மீண்டிருக்கிறதா?

மெக்சிகோ வளைகுடாவில் நம் பங்குனி ஆமைக்கு நெருங்கிய உறவான கெம்ப் ரிட்லி இருக்கிறது. 1947-ல் ராஞ்சோ நுவேவோ கரையில் எடுத்த ஒரு படச்சுருளை வைத்து, ஒரே நாளில் ஏறக்குறைய 40,000 ஆமைகள் ஏறியதாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். 1985-ல் அந்த ஆண்டு முழுவதும் கிடைத்த கூடுகள் 702. கரையில் கூடுகளுக்குக் காவலும் கடலில் இழுவை மடிகளில் ஆமை விலக்கியும் சேர்ந்தபின், 2009-ல் கூடுகள் 20,000-ஐத் தாண்டின. அதன்பின் ஏற்றம் தடைபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அழிவின் விளிம்பிலிருந்து திரும்ப முடியும் என்பதற்கு அது சான்று.

ஆமை இருந்தால் மீன்வளம் பெருகும் என்று சொல்கிறார்களே, நிரூபணம் உண்டா?

ஜெல்லிமீன்களைத் தின்று மீன்குஞ்சுகளைக் காக்கிறது என்ற வாதம் முதன்மையாக ஏழுவரி ஆமைக்குப் பொருந்தும். ஜெல்லிமீனே அதன் உணவு. பங்குனி ஆமை நண்டு, இறால், நத்தை, ஜெல்லிமீன் என்று கலந்து தின்னும். அதனால் நம் கடலில் இத்தனை டன் மீன் கூடும் என்று எண்ணோடு சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. மீனவர்களிடம் அப்படி வாக்குக் கொடுப்பதையும் எதிர்க்கிறேன். பொரிக்காத முட்டைகளின் சத்து மணல்மேட்டுச் செடிகளுக்குப் போய்ச் சேருகிறது என்பது வேறு ஆமைகளின் கரைகளில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. ஆமையைக் காக்க அது நமக்கு வருமானம் தர வேண்டும் என்ற நிபந்தனையே எனக்கு ஒப்புதல் இல்லை.

வலையில் சிக்கிய ஆமை அசையாமல் கிடந்தால் செத்ததாக நினைத்துக் கடலில் எறிந்துவிடலாமா?

வேண்டாம். மீனவ நண்பர்கள் பலர் கேட்டது இது. மூச்சு முட்டிய ஆமை மயங்கிக் கிடக்கும். அப்படியே எறிந்தால் நிச்சயம் மூழ்கிவிடும். படகில் வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பகுதியை ஒரு சாண் உயரத்துக்கு முட்டுக்கொடுங்கள்; நுரையீரலில் புகுந்த நீர் வடியட்டும். நிழலில் வைத்து, ஓட்டின்மேல் ஈரத் துணி போடுங்கள். மூக்கை மூடிவிடக் கூடாது. கண்ணோரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டால் சிறு அசைவு இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நான்கு மணி நேரத்தில் தெளிவதும் உண்டு, ஒரு நாள் ஆவதும் உண்டு. தெளிந்தபின் இன்ஜினை நியூட்ரலில் வைத்து, வலை இல்லாத பக்கமாக, படகின் பின்புறத்திலிருந்து தலை முன்னே போகும்படி இறக்கிவிடுங்கள்.